துவையல் தவசு சொல்லும் தூய்மை

அய்யா உண்டு

பதிக்கும் நிழல் தாங்கலுக்கும் பணிவிடைக்கு வரும் அன்புக்கொடி மக்கள் குளித்து, துவைத்த துணி உடுத்தி வருகிறார்கள். ஆண்கள் மேற்சட்டையைக் களைந்து தலைப்பாகை கட்டுகிறார்கள். செருப்பு வெளியே நிற்கிறது. சிறு வயது முதல் பழகிய ஒழுங்கு இது. ஆனால் ஏன் இப்படி என்று ஒரு பிள்ளை கேட்டால், "அழுக்காகப் போனால் சாமி கோபிக்கும்" என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

அந்தப் பதில் போதாது. அய்யா வழியில் தூய்மை பயத்தால் வந்ததல்ல. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரிந்தால்தான் இன்று வீட்டிலும் தெருவிலும் குளக்கரையிலும் எப்படி நடக்க வேண்டும் என்பதும் தெரியும்.

எழுநூறு குடும்பங்களின் தவசு

கொல்லம் ஆண்டு 1008, மாசி 20-ஆம் நாள் அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளினார். ஆங்கில ஆண்டு 1833. அன்றைய தென் திருவிதாங்கூரில் உழைக்கும் சாதியார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்கள் மேலாடை அணியத் தடை. குடை பிடிக்கத் தடை. காலில் செருப்பிடத் தடை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கக்கூடத் தடை. மேல்சாதியார் எதிரே வந்தால் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு. அவர்கள் புழங்கும் கிணற்றையும் குளத்தையும் தொடக் கூடாது.

குளிக்கும் நீரையும் உடுக்கும் துணியையும் பறித்துக்கொண்டு, அதன் பிறகு அதே மக்களைப் பார்த்து "நீங்கள் அசுத்தமானவர்கள்" என்று சொன்னது அன்றைய வழக்கம். இதில் யார் செய்தது குற்றம்?

அய்யா சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து மீண்டு சாமிதோப்பு வந்த பிறகு, ஏறக்குறைய எழுநூறு குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். கன்னியாகுமரிக் கடற்கரையில் இருக்கும் வாகைப்பதி அவர்களுடைய முதல் தவசு இடம். பின்னர் முட்டப்பதியில் அது தொடர்ந்தது. இங்கே துவையல் என்பது துணி துவைப்பது. நாளுக்கு மூன்று வேளை குளியல், உடுத்திய துணியைத் துவைத்து உடுத்தல், ஒரு வேளை மட்டும் பச்சரிசியும் சிறுபயறும் கொண்ட சைவ உணவு, அய்யாவை நினைத்த பிரார்த்தனை. இதுவே தவசு. இதை நிறைவேற்றியவர்களைத் துவையல் பண்டாரங்கள் என்று மக்கள் அழைத்தார்கள்.

தவசு என்றால் காட்டுக்குப் போய்க் கண்ணை மூடி அமர்வது என்றுதான் அதுவரை கேள்விப்பட்டிருந்தார்கள். அய்யா கொடுத்த தவசை ஆணும் பெண்ணும் குழந்தையும் குடும்பமாகச் செய்தார்கள். குளிப்பதும் துவைப்பதும் அங்கே வழிபாடாயின. "நீ அசுத்தம்" என்று ஊர் சொன்ன மனிதன் கடலில் மூழ்கி எழுந்து, வெளுத்த துணி உடுத்தி, தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்றான். தன் உடம்பு இழிவானதல்ல, அய்யா உறையும் இடம் என்று அவன் தெரிந்துகொண்டான்.

முத்திரிக்கிணறு

சாமிதோப்புப் பதிக்கு அருகில் இருக்கும் முத்திரிக்கிணறு இந்தப் பாடத்தின் மறுபாதி. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுத்துக் குளிக்கவும் குடிக்கவும் அய்யா வழி செய்தார். தலைமைப்பதிக்கு வரும் அன்பர்கள் இன்றும் முதலில் அங்கேதான் பதமிட்டுக் குளித்துவிட்டு வருகிறார்கள்.

துவையல் தவசு, தன்னைத் தூய்மையாக்கிக்கொள்ளச் சொன்னது. முத்திரிக்கிணறு, அடுத்தவரை அசுத்தம் என்று எண்ணாதே என்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டால், தினமும் மூன்று வேளை குளித்தாலும் பழைய தீட்டுதான் திரும்பி வரும்.

திருத்தணிக் குளக்கரையில்

தென்கோடியில் கற்ற பாடத்தைத் தமிழ்நாட்டின் வடகோடியில் வைத்துப் பார்க்கலாம். திருத்தணி ஆந்திர எல்லையை ஒட்டிய மலைக்கோயில் ஊர். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக் கோடு மாறினாலும் பேச்சு மாறவில்லை. கடைத்தெருவில் இன்றும் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. ஆடிக் கிருத்திகைக்கு இரு மாநிலத்து மக்களும் இலட்சக்கணக்கில் திரண்டு, மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் நீராடி, காவடியோடு படியேறுகிறார்கள்.

அந்தக் குளக்கரையில் அரை மணி நேரம் நின்றால் போதும், பலவகைப் பழக்கங்களைப் பார்க்கலாம். ஒரு குடும்பம் உடுத்திய துணியோடு மூன்று முறை முழுகி எழும். இன்னொரு குடும்பம் நீரில் இறங்காமல் சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளும். மஞ்சள் பூசிக் குளிப்பவர் ஒரு பக்கம், சீயக்காய் தேய்ப்பவர் ஒரு பக்கம். முடி காணிக்கை கொடுத்து மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொள்ளும் பிள்ளைகள் இன்னொரு பக்கம். ஒருவர் பழக்கம் மற்றவருக்கு விநோதமாகத் தோன்றும். "இவர்களுக்குக் குளிக்கவே தெரியவில்லை" என்று முணுமுணுப்பவரும் உண்டு. அப்படிச் சொல்லிக்கொண்டே, தான் பிரித்த ஷாம்பூ பொட்டலத்தைப் படியிலே போட்டுவிட்டுப் போவார்.

அந்தச் சிறு பொட்டலம் வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. கடலூர்ப் பக்கத்தில் பிறந்த யோசனை அது. பெரிய புட்டி வாங்க முடியாத ஏழை வீட்டுப் பெண்ணுக்கும் ஷாம்பூ எட்டியது. அது நல்லதுதான். ஆனால் சீயக்காய் மட்கிப் போகும், பிளாஸ்டிக் உறை மட்காது. சோப்பும் சலவைத்தூளும் சேர்ந்த நீர் ஓடும் ஆற்றில் ஒருவிதம், தேங்கிய குளத்தில் வேறுவிதம். சில சலவைத்தூள்களில் இருக்கும் பாஸ்பேட் பாசிக்கு உரமாகிவிடும். பாசி பெருகி அழுகும்போது நீரில் கலந்திருக்கும் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகும். தன் உடம்பைத் தூய்மையாக்கியவர் ஊரார் நீரைக் கெடுத்தால், அந்தக் குளியல் யாருக்குப் புண்ணியம்?

ஊருக்கு ஒரு பழக்கம்

பழக்கம் வேறு, அழுக்கு வேறு. இதைப் பிரித்தறிய வெளிநாடு போய் வந்தவர்களிடம் கேட்க வேண்டும். மேலைநாட்டார் கழிப்பறையில் காகிதத்தால் துடைப்பதைக் கேட்டு இங்குள்ளவர்கள் முகம் சுளிக்கிறார்கள். கையால் சோற்றைப் பிசைந்து உண்பதைப் பார்த்து அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். இங்கே சொம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதுதான் மரியாதை. அங்கே எச்சில் என்ற எண்ணமே பெரிதாகக் கிடையாது. இங்கே செருப்போடு வீட்டுக்குள் நுழைவது அவமரியாதை. மேலைநாட்டு வீடுகள் பலவற்றில் அது இயல்பு.

ஜப்பானியரிடம் கற்க ஒன்று உண்டு. அங்கே பொதுக் குளியல் தொட்டியில் இறங்குமுன், வெளியிலேயே அமர்ந்து சோப்புப் போட்டு உடம்பை நன்றாகக் கழுவிவிட வேண்டும். அழுக்கும் நுரையும் போன பிறகே தொட்டிக்குள் இறங்கலாம். அந்த நீர் தனக்குப் பின் வருபவருக்கும் உரியது என்ற எண்ணமே காரணம். முத்திரிக்கிணற்றின் மக்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

அய்யா வாழ்ந்த அதே காலத்தில், 1847-இல், வியன்னா நகர மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். பிணப் பரிசோதனை செய்துவிட்டு வந்த மருத்துவர்கள் அதே கையால் பிரசவம் பார்த்தார்கள். அந்தத் தாய்மார்கள் அதிகமாகக் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் அந்நாளைய பெரிய மருத்துவர்கள் பலர் அவர் சொன்னதை ஏற்கவில்லை.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, கெட்ட வாடைதான் காரணம் என்று படித்தவர்களே நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், ஒரு தெருவின் அடிபம்பு நீரே காரணம் என்று வீடு வீடாக விசாரித்துக் காட்டினார். பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இவற்றிலிருந்து தெரிவது, மூக்கும் கண்ணும் சொல்வதை வைத்துத் தூய்மையை அளக்க முடியாது என்பது. வியர்வை நாற்றத்தோடு வரும் உழைப்பாளியின் கை கழுவியிருக்கலாம். வாசனைத் திரவியம் பூசியவர் கை கழுவாமல் இருக்கலாம். நோய்க் கிருமி சாதியும் பார்ப்பதில்லை, சட்டையின் விலையும் பார்ப்பதில்லை.

துப்புரவு செய்யும் கைகள்

இனிச் சொல்வதுதான் இந்தப் பாடத்தின் கடினமான பகுதி. திருவிழா முடிந்த மறுநாள் காலையில் எந்த ஊரானாலும் குளக்கரையையும் கழிப்பறைகளையும் சுத்தம் செய்பவர்கள் யார்? மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ள வைப்பதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் பிறகும் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களின் செய்தி நாளிதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது. இறப்பவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள்.

ஊர் அழுக்கைச் சுமப்பவரை அழுக்கானவர் என்று எண்ணும் புத்தி இன்னும் போகவில்லை. அந்த அம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்கத் தனி டம்ளர் எடுத்து வைக்கும் வீடுகள் உண்டு. திண்ணையில் அமரச் சொல்லாத வீடுகளும் உண்டு. அய்யாவின் படம் மாட்டியிருக்கும் வீட்டில் அப்படி நடந்தால், அது முத்திரிக்கிணற்றைத் தூர்ப்பதற்குச் சமம். ஒரு காலத்தில் இத்தனை அடி விலகி நில் என்று துரத்தப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள், இன்னொருவரை அப்படி நிறுத்தலாமா? தாங்கலில் வரிசையில் அமர்ந்து இனிமம் வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அந்த ஒழுங்கு வீட்டு வாசலிலும் தொடர வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கழிப்பறை சென்று வந்த பின்னும், சமைக்குமுன்னும், உண்ணுமுன்னும் சோப்புப் போட்டு இருபது நொடி தேய்த்துக் கை கழுவ வேண்டும். கொரோனா காலத்தில் பழகிய கைத்தெளிப்பான் அவசரத்துக்கு உதவும். கையில் அழுக்கு ஒட்டியிருந்தால் அது போதாது, சோப்பும் நீரும்தான் வேண்டும்.

2. அன்னதர்மத்துக்குச் சமைப்பவரும் பரிமாறுபவரும் நகம் வெட்டி, தலைமுடியைத் துணியால் மூடியிருக்க வேண்டும். வயிற்றுப்போக்கு, வாந்தி இருப்பவர் அன்று வேறு பணிவிடை செய்யலாம்.

3. குடிநீர்ப் பானையில் டம்ளரையும் கையையும் முக்காமல், நீண்ட பிடி வைத்த அகப்பையால் மொள்ள வேண்டும்.

4. முடி இறக்குமிடத்தில், தன் கண்ணெதிரே புதிய பிளேடு மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடு வழியாக மஞ்சள் காமாலைக் கிருமி மற்றவருக்கு இரத்தத்தில் தொற்ற வாய்ப்புண்டு. கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

5. குளத்திலும் ஆற்றிலும் சோப்பு, ஷாம்பூ, சலவைத்தூள் வேண்டாம். கரையில் குழாய் இருந்தால் அங்கே கழுவிவிட்டு, பிறகு நீரில் முழுகலாம். பழைய துணியை நீரில் விட்டு வருவதும் வேண்டாம்.

6. மாதவிடாய்த் துணியையும் பஞ்சையும் கழிப்பறைக்குள் போடாமல் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போடப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். குழாய் அடைத்தால் அதைக் கையால் எடுப்பவர் இன்னொரு தாயின் பிள்ளை.

7. வீட்டுக் கழிவுத்தொட்டியை இயந்திர வண்டி வைத்தே உறிஞ்சி எடுக்க வேண்டும். பணம் மிச்சம் என்று ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம், தர்மப்படி கொலைக்குச் சமம்.

வீட்டில் பிள்ளைகளோடு பேச

துவையல் தவசுக்குச் சென்றவர்கள் எத்தனை குடும்பம்? அவர்கள் செய்த தவசு என்ன?

முத்திரிக்கிணறு ஏன் எல்லோருக்கும் பொதுவானது?

வேறு ஊரார் பழக்கத்தைப் பார்த்துச் சிரித்தது உண்டா? அது அழுக்கா, வெறும் பழக்கமா?

தெருவைச் சுத்தம் செய்ய வருபவரின் பெயர் என்ன? வீட்டில் அவருக்கு எந்த டம்ளரில் தண்ணீர் கொடுக்கிறோம்?

கடைசிக் கேள்விக்குப் பெரியவர்களும் பதில் சொல்ல வேண்டும். பெயர் தெரியாவிட்டால் நாளைக் காலை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அய்யா உண்டு