வெங்காயத்துக்கு ஒரு வழி, அரிசிக்கு வேறு வழி

பினாங்கு டத்தோ கிராமாட் சாலையில் சாப்பாட்டுக் கடையோ மளிகைக் கடையோ நடத்துபவர்கள் 2023 டிசம்பரை மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதம் 8-ஆம் தேதி இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2019 செப்டம்பரிலும் 2020 செப்டம்பரிலும் இதையேதான் செய்தது. ஐந்து வருடத்தில் மூன்று முறை வந்ததைத் திடீர் இடி என்று சொல்ல முடியுமா? மழைக்காலம் போல, வரும் என்று வைத்துக்கொண்டே கடை நடத்த வேண்டும்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு: பழகிய ஒரே மொத்த வியாபாரியிடம் வாங்குவது, இரண்டு மூன்று பேரிடம் பிரித்து வாங்குவது, இருப்பு வைப்பது, பொருளை மாற்றிச் சமைப்பது. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. சரக்கைச் சொன்னால்தான் வழி சொல்லலாம்.

வெங்காயத்துக்குப் பிரித்து வாங்குவதே சரி. ஆனால் ஆளைப் பிரித்தால் போதாது, நாட்டைப் பிரிக்க வேண்டும். இரண்டு வியாபாரிகளும் ஒரே கன்டெய்னரில் வந்த நாசிக் வெங்காயத்தை விற்றால், உங்களுக்கு இருப்பது ஒரே வழிதான். பில் மட்டும் இரண்டு. பாகிஸ்தான், சீன, ஹாலந்து வெங்காயம் கொண்டுவருபவர் யார் என்று தெரிந்து வையுங்கள். ஹாலந்து வெங்காயத்தில் நீர் அதிகம், வதக்க நேரம் எடுக்கும். தடை வந்த நாளில் சோதித்துப் பார்க்காமல் இப்போதே ஒரு சட்டி வைத்துப் பாருங்கள். இருப்பு வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 2023 தடை விலக 2024 மே 4 ஆயிற்று. பினாங்குப் புழுக்கத்தில் ஐந்து மாதம் தாங்கும் வெங்காயம் இல்லை. விலகிய பிறகும் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 விழுக்காடு ஏற்றுமதி வரியும் இருந்தன.

அரிசியில் ஆள் மாற்றிப் பயனில்லை. வெளிநாட்டு அரிசியை இறக்கும் உரிமை பெர்னாஸ் நிறுவனத்திடம் இருக்கிறது; எந்தக் கடையில் வாங்கினாலும் ஊற்று ஒன்றுதான். 2023 ஜூலை 20-இல் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பர் 1-இல் பெர்னாஸின் இறக்குமதி அரிசி விலை டன் 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ஆனது. உள்ளூர் அரிசிக்கு மாறலாம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்ததில் அதுவும் கடைத்தட்டில் காணாமல் போனது. அடுத்தவருக்கும் அதுவே மாற்று என்றால் அதை நம்பி இருக்க முடியாது. அரிசி கெடாது, ஒரு மாத இருப்பு, காற்றோட்டமான மேடை, அவ்வளவுதான். வற்றல் மிளகாய்க்கும் இருப்பே வழி, ஆனால் குளிர் அறையில். குண்டூர்க்காரர்களே அப்படித்தான் வைக்கிறார்கள்.

முட்டைக்கு இருப்பும் கிடையாது. 2022 கடைசியில் இங்கே தட்டுப்பாடு வந்தபோது நாமக்கல் முட்டை கப்பலேறி மலேசியாவுக்கு வந்தது. ஊர்ப் பெருமைதான், ஆனால் வந்து சேரும்வரை பொரியல் தட்டு காத்திருக்காது. முட்டை இல்லாத நாளுக்கு என்ன பரிமாறுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

ஒரே வியாபாரியிடம் வாங்குவதை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். தட்டுப்பாட்டில் அவர் முதலில் யாருக்கு மூட்டையை ஒதுக்குவார்? வருடக்கணக்காக வாங்கி, கடனை நாள் தவறாமல் அடைத்தவருக்குத்தான். சரிபாதியாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் நீங்கள் சில்லறை ஆள். முக்கால் பங்கு பழைய இடம், கால் பங்கு புது இடம் என்பது என் கணக்கு.

ஒரே ஊற்றை நம்பினால் என்ன ஆகும் என்ற பாடம் இந்தச் சாலைக்குப் பழையது. பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் இருக்கும் இடத்தில்தான் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் ஈய உருக்காலை இருந்தது. அதன் பர்ச் ஹவுஸ் கட்டடம் இன்னும் நிற்கிறது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்து பேராக் சுரங்கங்கள் வரிசையாக மூடின. தாது வராத ஊரில் உலைக்கு என்ன வேலை?

அடுத்த முறை லாரி வரும்போது மூட்டையில் அச்சிட்டிருக்கும் நாட்டின் பெயரைப் படியுங்கள், வியாபாரியிடமும் கேளுங்கள். தீபாவளி நெருங்கிவிட்டால் பதில் சொல்ல அவருக்கு நேரம் இருக்காது.