கடல் தாண்டும் குழந்தை

பிள்ளை இல்லாதவர்கள் அண்ணன் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ தத்து எடுப்பது பழைய வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். பிள்ளை அடுத்த தெருவில் வளரும். பெற்றவள் நினைத்தபோது போய்ப் பார்க்கலாம்.

வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பது அப்படி அல்ல. குழந்தை கடல் தாண்டிப் போகிறது. மொழி மாறுகிறது. பெயரும் மாறலாம். அதன் பழைய கதையைச் சொல்ல உடன் யாரும் போவதில்லை. தாள்கள்தான் போகின்றன. அந்தத் தாள்கள் உண்மையாக இருக்க வேண்டும். முழுமையாகவும் இருக்க வேண்டும்.

சட்டம் வந்த கதை

லட்சுமி காந்த் பாண்டே ஒரு வழக்கறிஞர். அவர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதில் முறைகேடுகள் நடக்கின்றன என்று அதில் சொன்னார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக ஏற்றது. 1984இல் நீதிபதி பகவதி தீர்ப்புச் சொன்னார். குழந்தைக்கு முதலில் நம் நாட்டிலேயே பெற்றோரைத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு. இது காசு பார்க்கும் தொழிலாகக் கூடாது.

1990இல் இதற்கென மத்திய அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. அதன் பெயர் 'காரா'. அது புதுடில்லியில் இருக்கிறது. 1993இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. 2003இல் இந்தியா அதை உறுதி செய்தது.

இப்போது எப்படி நடக்கிறது?

தாராவியில் ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். சயான் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் குழந்தை பிறக்கிறது. வளர்க்க வழியில்லை. யாரோ ஒருவர் வந்து சொல்கிறார்: "அக்கா, இங்கே ஒரு கைநாட்டு வையுங்க. பிள்ளை ராஜா மாதிரி வளரும். கையிலே கொஞ்சம் பணமும் தர்றேன்."

அவள் வைக்கக் கூடாது. பிள்ளைக்குப் பணம் கொடுப்பதும் குற்றம். வாங்குவதும் குற்றம்.

சரியான வழி வேறு. குழந்தைகள் நலக் குழு என்று ஒன்று உண்டு. தாய் அதன் முன்பு போக வேண்டும். அங்கே அவளோடு பேசுவார்கள். குழந்தையைத் தானே வளர்க்க வழி உண்டா என்று பார்ப்பார்கள். வழியில்லை என்றால்தான் எழுதி வாங்குவார்கள். அதன் பிறகும் அவளுக்கு இரண்டு மாதம் தவணை உண்டு. அதற்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம்.

தவணை முடிந்த பின் நம் நாட்டில் பெற்றோரைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் வெளிநாட்டவருக்கு வாய்ப்பு. அவர்களுடைய வீடு, வருமானம், உடல்நலம் பற்றி அந்த நாட்டு அமைப்பு அறிக்கை தர வேண்டும். காரா சம்மதம் தர வேண்டும். முன்பு நீதிமன்றம் தத்து ஆணை தந்தது. 2022 செப்டம்பர் முதல் அந்தப் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு வந்தது. பிறகு பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், விசா எல்லாம் வேண்டும். பெற்றோர் நேரில் வந்துதான் குழந்தையை அழைத்துப் போக வேண்டும். போன பிறகும் இரண்டு ஆண்டுகள் குழந்தையைப் பற்றி அறிக்கை வர வேண்டும்.

இவ்வளவும் எதற்கு?

இரண்டு உண்மைக் கதைகள் பதில் சொல்லும்.

சென்னை புளியந்தோப்பு. 1999ஆம் ஆண்டு. தாயின் பக்கத்தில் தூங்கிய சிறு குழந்தையைத் திருடிவிட்டார்கள். பொய்த் தாள்கள் தயாராயின. குழந்தை நெதர்லாந்துக்குப் போய்விட்டது. 2005இல் காவல் துறை கடத்தல்காரர்களைப் பிடித்தது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. 2010இல் அந்த ஏழைப் பெற்றோர் பிறர் உதவியோடு நெதர்லாந்துக்கே போனார்கள். அங்கே நீதிமன்றப் படி ஏறினார்கள். மகனுக்கு அப்போது ஏறத்தாழ 12 வயது. அவன் வேறு மொழி பேசி வளர்ந்திருந்தான். பெற்றோர் மகன் இல்லாமலே ஊர் திரும்பினார்கள். எடுத்து வளர்த்தவர்களுக்கும் இது திருட்டுப் பிள்ளை என்று முன்பு தெரியாது.

அடுத்தது மும்பைக் கதை. 1989இல் இங்கிருந்து ஒரு சிறுமியைத் தத்தாக அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவளுக்குக் குடியுரிமை வாங்கும் வேலையை யாரும் முடிக்கவில்லை. அவள் வளர்ந்தாள். திருமணம் ஆயிற்று. இரண்டு குழந்தைகள் பிறந்தன. பிறகு ஒரு வழக்கில் சிக்கினாள். 'நீ இந்த நாட்டுக் குடிமகள் அல்ல' என்று சொல்லி 2008இல் அவளை மும்பைக்கு அனுப்பிவிட்டார்கள். கணவனும் பிள்ளைகளும் அங்கே. மொழி தெரியாமல் அவள் இங்கே.

ஒரு கதையில் முதல் தாளே பொய். மற்றதில் கடைசித் தாள் இல்லை. இரண்டிலும் துன்பப்பட்டது பிள்ளைதான்.

தத்து நல்ல காரியம். ஆதரவற்ற பிள்ளைக்கு ஒரு வீடு கிடைக்கிறது. அந்த வீடு நிலைக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு தாளும் சரியாக இருக்க வேண்டும். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் கேளுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது.

சிந்திப்போம்

1. பெற்ற தாய்க்கு இரண்டு மாதத் தவணை ஏன் தேவை?
2. முதலில் நம் நாட்டிலேயே பெற்றோரைத் தேடுவது ஏன்?
3. உங்கள் தெருவில் ஒருவர் பிள்ளைக்குப் பணம் தருவதாகச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?