கலத்தின் கயிறுகளும் அவற்றின் பெயர்களும்

மாங்குடி மருதனார் தாம் பாடிய மதுரைக்காஞ்சியில், கட்டுத்தறியை விட்டுத் திரியும் மதயானைக்குக் கடுங்காற்றில் அகப்பட்ட நாவாயை உவமை கூறினார். அவ்வுவமையில் முதலிற் கெடுவது கயிறு. அடுத்துப் பாய் அலைப்புண்கின்றது. இறுதியிற் கூம்பு அடியோடு முறிகின்றது. இம்முறை வைப்பு நம் கருத்திற்குரியது. கயிறு கெட்ட கலத்திற்குப் பாயும் கூம்பும் இருந்தும் பயனில்லை. ஆயினும் புலவர் அதனைக் 'கயிறு' என்னும் பொதுப்பெயராற் கூறியமைந்தார். கரையில் நிற்பார்க்கு அதுவே சாலும். கலத்தில் நிற்பார்க்கோ அது சாலாது. அவர்க்கு ஒவ்வொரு கயிற்றிற்கும் தனிப்பெயர் வேண்டும். அது ஏன் என்பதனையும், அப்பெயர்கள் யாவை, அவை எத்தொழிலைச் செய்வன என்பதனையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

ஒரு கூம்பும் இரண்டு பாயும் உடைய சிறு படகொன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் இதனை ஸ்லூப் என்பர். கூம்பின் பின்னே விரிவது பெரும்பாய். முன்னே விரிவது ஜிப் எனப்படும் முன்பாய். பெரும்பாயின் அடியோரத்தைத் தாங்கிக் கூம்பிலிருந்து பின்னோக்கி நீளும் கிடைமரம் பூம் எனப்படும். இப்படகின் கயிறுகள் இருவகைப்படும். கூம்பை முன்னும் பின்னும் பக்கங்களிலும் பற்றி அசையாது நிறுத்துவன ஒருவகை. இவை கலம் ஓடும்போது பெரும்பாலும் தொடப்படுவதில்லை. பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் வடிவமைக்கவும் கையாளப்படுவன மற்றொரு வகை. முன்னையவற்றை நிலைக்கயிறுகள் எனவும், பின்னையவற்றை ஓடுகயிறுகள் எனவும் கொண்டு, ஓடுகயிறுகளை மட்டும் இங்கே நோக்குவோம்.

அவற்றுள் முதலாவது ஹாலியார்டு. பாயின் தலையிற் பூட்டப்பட்டு, கூம்பின் உச்சியிலுள்ள கப்பியின் வழியாகக் கீழே இறங்கும் இக்கயிற்றை இழுத்தாற் பாய் மேலேறும், நெகிழ்த்தாற் கீழிறங்கும். நம் கடற்கரை மக்கள் இதனை ஆஞ்சான் என்பர்.

இரண்டாவது ஷீட். இச்சொல்லைப் புதிதாகக் கேட்பவர் துணியாகிய பாயையே அது குறிப்பதாக மயங்குவர். அஃது அன்று. பாயின் கீழ்மூலையிலோ, பெரும்பாயாயின் அதனைத் தாங்கும் பூமிலோ பூட்டிய கயிறே ஷீட் ஆகும். பழைய ஆங்கிலத்திற் பாயின் கீழ்மூலைக்கு வழங்கிய சொல், அவ்விடத்துக் கட்டிய கயிற்றிற்கு ஆகிவந்தது. நம் இலக்கணிகள் கூறும் இடவாகுபெயர் போல்வது இது. தமிழ்ப் படகோட்டிகள் இக்கயிற்றைத் தாமான் என்பர். இச்சொல், ஆடையின் ஓரத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லோடு தொடர்புடையது. எங்கோ பிறந்த இரு சொற்களும் துணியின் ஓரத்தினின்றே கயிற்றிற்குப் பெயர் தந்தமை வியக்கத்தக்கது.

கயிறுகளுட் சிறந்தது தாமானே. காற்று வரும் திசைக்கும் பாய்க்கும் இடையே உள்ள கோணத்தை அமைப்பது அதுவே. காற்றை நெருங்கி ஓடும்போது அதனை உள்ளிழுத்தல் வேண்டும். காற்று பின்னிருந்து வீசும்போது வெளியே நெகிழ்த்தல் வேண்டும். சரியான அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பாயின் முன்விளிம்பு படபடக்கத் தொடங்கும் வரையில் தாமானை நெகிழ்த்துக. பின்னர் அப்படபடப்பு அடங்கும் அளவிற்கு மட்டும் இழுக்க. மிகுதியாக இழுத்தலாற் படகு சாயுமேயன்றி விரைவு மிகாது. முன்பாய்க்கு இருபுறமும் இரண்டு தாமான்கள் உண்டு. படகு திசை மாறுங்கால் ஒன்றை விடுத்து மற்றொன்றை இழுப்பர்.

இனிப் பாயின் வடிவைத் திருத்தும் கயிறுகளைக் கூறுவாம். பாயின் பின்மூலையைப் பூமின் நுனிக்கு இழுப்பது அவுட்ஹால். மென்காற்றில் இதனை நெகிழ்த்தாற் பாய் குழிந்து ஆற்றல் பெறும். வன்காற்றில் இறுக்கினாற் பாய் தட்டையாகி ஆற்றல் குறையும். புறத்தே இழுத்தலாகிய தொழிலின் பெயர் அதனைச் செய்யும் கயிற்றிற்கு ஆனமையின் இதனைத் தொழிலாகுபெயரோடு ஒப்பிடலாம். பாயின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி இழுத்து, பாயின் குழிவை முன்னுக்குக் கொணர்வது கன்னிங்ஹாம். இது 1958-ஆம் ஆண்டில் 'கொலம்பியா' என்னும் கலத்தைச் செலுத்தி அமெரிக்காக் கோப்பைப் போட்டியில் வென்ற பிரிக்ஸ் கன்னிங்ஹாம் என்பவரின் பெயர், கருத்தாவாகுபெயர் எனலாம். பூமின் அடியிலிருந்து கூம்பின் அடிக்குச் செல்வது வாங். தாமானை நெகிழ்த்தும்போது பூம் மேலெழாதபடி இது தடுக்கும். எழுந்தாற் பாயின் மேற்பாகம் முறுக்கிக் காற்றை வீணே விட்டுவிடும். பாய் இறங்கிய பின் பூம் தளத்தில் விழாது மேலிருந்து தாங்குவது டாப்பிங் லிஃப்ட். காற்று மிகும்போது பாயின் அடிப்பாகத்தை மடித்துக் கட்டிப் பரப்பைச் சுருக்க உதவுவன ரீஃப் கயிறுகள்.

ஒற்றைப் பாய்ப் படகிலும் இவற்றுட் சில இன்றியமையாதன. டோக்கியோவில் 2021-ஆம் ஆண்டில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் லேசர் ரேடியல் என்னும் படகைத் தனியராய்ச் செலுத்தினார். அவ்வகைப் படகில் தாமான், வாங், கன்னிங்ஹாம், அவுட்ஹால் ஆகிய அனைத்தையும் ஒருவரே கையாளுதல் வேண்டும்.

இத்தனை பெயர்கள் எற்றுக்கு என வினவலாம். திடீரெனச் சூறை தாக்குகின்றது; படகு சாய்கின்றது; நீர் விளிம்பை எட்டுகின்றது என்று கொள்வோம். அப்போது 'அந்தக் கயிற்றை விடு' என்பான் சொல்லாற் பயன் என்னை? கேட்பவன் எந்தக் கயிறு எனத் திரும்பிப் பார்க்கும் நொடியிற் படகு கவிழும். 'தாமானை விடு' எனின் கை தானே செல்லும், பாய் காற்றை விடும், படகு நிமிரும். ஆகலின் சிறு படகிற் பெரும்பாயின் தாமானை அவிழாத முடிச்சிட்டுக் கட்டலாகாது என்பது மாலுமிகளின் விதி. அதனைக் கையிற் பிடித்தல் வேண்டும். அன்றேல் ஒரே இழுப்பில் விடுபடும் பற்றியில் மாட்டுதல் வேண்டும்.

பெருங்கலங்களும் இவ்விடுக்கணுக்குத் தப்பியன அல்ல. 1878-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள், யூரிடிசி என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் தாய்நாட்டை அணுகி, வைட் தீவின் அருகே பாய்களை விரித்து வந்துகொண்டிருந்தது. பனியோடு கூடிய சூறை திடீரெனத் தாக்கவே அது கவிழ்ந்து மூழ்கிற்று. முந்நூற்றுவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர், பிழைத்தவர் இருவரே. இதற்கு மாறாக, அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தில், பவுலடியார் சென்ற கப்பலில் இருந்த 276 பேரும் கரைசேர்ந்தனர். அவ்விடத்தும் மாலுமிகள் நங்கூரங்களைக் கைவிட்டனர். சுக்கான்களின் கட்டுக்களைத் தளர்த்தினர். முன்பாயைக் காற்றுக்கு ஏற்றினர். எதனை அறுப்பது, எதனைத் தளர்த்துவது, எதனை உயர்த்துவது என்பது அவர்க்குத் தெரிந்திருந்தது. கப்பல் உடைந்தது, உயிர்கள் உடையவில்லை.

தமிழ் கற்கும் நமக்கு இதனால் விளங்குவது ஒன்றுண்டு. கூம்பு, இதை முதலிய சொற்களை ஏட்டில் ஓதி மகிழ்கின்றோம். ஆஞ்சான், தாமான் ஆகிய சொற்களோ பாய் ஏற்றும் கைகளோடு வாழ்ந்தன. விசைப்பொறி பூட்டிய படகுகள் பெருகப் பெருகப் பாயின் வேலை குறைந்தது. அதனோடு அச்சொற்களின் வேலையும் குறைந்தது. ஆங்கிலப் பெயர்களுக்கு ஈடாகப் புதுச்சொல் படைக்க முற்படுமுன், கடற்கரைக்குச் சென்று, பாய் ஓட்டிய முதியவர் ஒருவரிடம் ஒவ்வொரு கயிறாகத் தொட்டு, 'ஐயா, இதன் பெயர் யாது? இது எதற்கு?' எனக் கேட்டு எழுதிக்கொள்வோமாக. கேட்பார் இருக்கும்வரை சொல்வாரும் இருப்பர் என்பதற்கு உறுதியில்லை.