அளந்து கமம் செய்தல்: வீட்டுப் பொருள்களால் நான்கு கருவிகள்

பாலமுனைக்குக் கிழக்கே கடலும், மேற்கே நெல்வயல்களும் உள்ளன. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையிலுள்ள இவ்வூரில் வயலில் நெல்லும், மணற்பாங்கான வளவுகளில் மிளகாய், கத்தரி, வெண்டி முதலிய மரக்கறிகளும் செய்கை பண்ணப்படுகின்றன. இரண்டையும் செய்கின்ற கமக்காரருக்கு ஒவ்வொரு போகத்திலும் நான்கு கேள்விகள் எழுவதுண்டு. விதை நல்லதா? வயலுக்கு இன்று நீர் வேண்டுமா? பெய்த மழை எவ்வளவு? பூச்சி பெருகிவிட்டதா?

இவற்றுக்கு மறுமொழி பெரும்பாலும் கண்மதிப்பாகவே கூறப்படுகின்றது. அனுபவமுள்ளவரின் கண்மதிப்புச் சிறந்ததே. ஆயினும் மண்ணுக்குக் கீழுள்ள நீரையும் உமிக்குள் இருக்கும் அரிசியையும் கண் காணாது. அவற்றை அறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. முட்டை, உப்பு, துண்டுக் குழாய், வெற்றுப் போத்தல், பழைய தகர மூடி ஆகியவையே போதும். ஓய்வு நாளொன்றில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இவற்றை மகிழ்ச்சியாகச் செய்து முடிக்கலாம்.

1. விதைநெல்லைத் தெரிந்தெடுக்கும் உப்புநீர்

பதர் நெல்லும் அரைமணியும் வெறும் நீரில் முற்றாகப் பிரிவதில்லை. உப்பு நீர் வெறும் நீரிலும் பாரமானது. ஆதலால் நன்கு முற்றிய மணி மட்டுமே அதில் அமிழும், குறைமணி மிதக்கும்.

வாளியொன்றில் 10 லீற்றர் நீர் எடுக்க வேண்டும். புதிய கோழிமுட்டை ஒன்றை அதில் இட்டால் அது அடியில் அமிழ்ந்து கிடக்க வேண்டும். வெறும் நீரிலேயே மிதக்கும் முட்டை பழையது. அது இச்சோதனைக்கு உதவாது. பின்னர் முட்டையை எடுத்துவிட்டு, உப்பைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்கி, மீண்டும் முட்டையை இட்டுப் பார்க்க வேண்டும். முட்டை மேலெழுந்து, நாணயமொன்றின் அளவு பாகம் நீருக்கு வெளியே தெரியும்போது உப்பு போதுமானது. இதற்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்புச் செல்லும்.

அந்நீரில் விதைநெல்லைக் கொட்டிக் கலக்கி, மிதப்பவற்றை அள்ளி நீக்குதல் வேண்டும். அமிழ்ந்த விதையை உடனே எடுத்து நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவுதல் இன்றியமையாதது. உப்புத் தங்கினால் முளைப்புக் கெடும். அடுத்த தொகுதி விதைக்கும் அதே நீரைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் முட்டையைக் கொண்டு சோதித்து, வேண்டிய உப்பைச் சேர்க்க வேண்டும். எஞ்சிய உப்பு நீரை வயலிலோ மரக்கறிப் பாத்தியிலோ ஊற்றலாகாது.

பாரமான விதை யாவும் முளைக்கும் என்று கொள்ளுதலும் சரியன்று. 100 மணிகளை எண்ணி, ஈரச்சாக்குத் துண்டில் பரப்பிச் சுருட்டி வைத்து, சில நாளில் முளைத்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 85க்குக் குறைந்தால் அவ்விதையை மாற்றுவதே நலம்.

2. வயல்நீர்க் குழாய்

1949ஆம் ஆண்டில் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டுச் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. அதன் நீர் பல வயல்களைக் கடந்தே கரையோரத்தை அடைகின்றது. மேல்வாய்க்காலில் மிகையாகப் பாயும் நீர் கடைமடையில் குறைவாகின்றது. 1981ஆம் ஆண்டுச் சிறுபோகத் தொடக்கத்தில் அச்சமுத்திரத்தில் கால்வாசி நீரே இருந்தது. அப்போது இடதுகரைப் பகுதிக் கமக்காரர் வாய்க்கால் தோறும் கூடி, முறை வைத்து நீர் பாய்ச்சி, மிஞ்சியதைக் கடைமடைக்கு விட்டனர். நீர் மிஞ்சுகின்றதா என்பதை அறிந்தாலன்றி அதனைப் பிறருக்கு விட மனம் வராது. அதனை அறிவிப்பதே இக்குழாய்.

பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் இம்முறையைப் பரப்பியது. 30 சென்ரிமீற்றர் நீளமும் 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை அகலமும் உள்ள பி.வி.சி. குழாய்த் துண்டு சிறந்தது. பருத்த மூங்கிலும், அடி வெட்டிய அகன்ற பிளாஸ்ரிக் போத்தலும் உதவும். கீழ் 20 சென்ரிமீற்றர் பாகத்தில் சுற்றிலும் 2 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, சூடாக்கிய ஆணியால் துளைகள் இட வேண்டும்.

துளையுள்ள பாகம் முழுவதும் மண்ணுள் இறங்கும்படி குழாயை நட்டு, உள்ளேயுள்ள சேற்றை அடிவரை அள்ளிவிட வேண்டும். வரம்பிலிருந்து எட்டிப் பார்க்கக்கூடிய இடமே தக்கது. வயலின் மேட்டிலோ பள்ளத்திலோ நடுதல் பிழை. வயலில் நீர் நிற்கும்போது குழாயினுள்ளும் புறமும் நீர்மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் துளைகள் அடைபட்டுள்ளன என்பது பொருள்.

விதைத்து ஏறக்குறைய மூன்று வாரத்தின் பின் இம்முறையைத் தொடங்கலாம். வயலின் மேற்பரப்பு வற்றியதும் அஞ்ச வேண்டியதில்லை. குழாயினுள் நீர்மட்டம் நிலத்துக்குக் கீழ் 15 சென்ரிமீற்றருக்கு இறங்கும்வரை வேர்களுக்கு நீர் எட்டும். அம்மட்டத்தை அடைந்ததும் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் பாய்ச்சினால் போதும். ஓர் ஏக்கரில் 5 சென்ரிமீற்றர் நீர் என்பது ஏறக்குறைய 2 இலட்சம் லீற்றர் ஆகும். ஒரு பாய்ச்சலைத் தவிர்த்தாலும் மிஞ்சுவது அத்துணை நீரே.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. பூப்பதற்கு ஒரு வாரம் முன் தொடங்கி, பூத்து ஒரு வாரம் வரை வயலைக் காயவிடலாகாது. களை மிகுந்த வயலில் களை அடங்கும்வரை நீரை நிறுத்தி வைத்தல் வேண்டும். உவர் ஏறும் வயலுக்கு இம்முறை ஏற்றதன்று. அங்கு நிற்கும் நீரே உப்பைக் கீழே அடக்கி வைக்கின்றது.

3. மழைமானிப் போத்தல்

கிழக்குக் கரையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றினால் பெரும்போகத்தில் பெய்கின்றது. அதனை அளக்க, பக்கங்கள் நேராயுள்ள 2 லீற்றர்ப் பிளாஸ்ரிக் போத்தல் போதும். கழுத்துக்குக் கீழ், பக்கங்கள் நேராகும் இடத்தில் வெட்டி, மேற்பாகத்தை மூடியின்றித் தலைகீழாகப் புனலைப் போல் உள்ளே செருக வேண்டும். அடியில் கூழாங்கற்களை இட்டு, அடியின் வளைவு மறையும்வரை நீர் ஊற்றி, அந்நீர்மட்டத்தில் கோடு இட வேண்டும். அதுவே பூச்சியம். அங்கிருந்து மேல்நோக்கி மில்லிமீற்றர் அளவுகளைக் குறிக்கலாம்.

மரநிழலும் கூரையும் இல்லாத வெளியில், தடியொன்றில் நிமிர்த்திக் கட்டி, நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளவைப் பார்த்து எழுத வேண்டும். பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கு இப்பணியை ஒப்படைத்தல் சாலச் சிறந்தது. பார்த்ததும் நீரைக் கொட்டிப் பூச்சியக் கோடுவரை புதிய நீர் இடுதல் அவசியம். தேங்கிய நீரில் நுளம்பு பெருகி டெங்கு நோயைப் பரப்பும்.

1 மில்லிமீற்றர் மழை, ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லீற்றர் நீரைத் தருகின்றது. இரவில் 20 மில்லிமீற்றர் பெய்திருப்பின் ஏக்கருக்கு 80,000 லீற்றர் கிடைத்துள்ளது. அவ்வாறாயின் காலையில் மரக்கறிப் பாத்திக்குக் கிணற்று நீர் இறைக்கும் வேலையும் எரிபொருட் செலவும் மிஞ்சும்.

4. மஞ்சள் மூடி

மிளகாயின் இலை சுருள்வதற்கும் கத்தரி, வெண்டி வாடுவதற்கும் காரணமாகும் பூச்சிகளுள் வெண்ணிற ஈயும் அழுக்கணவனும் அடங்கும். இவ்விரண்டும் மஞ்சள் நிறத்தை நாடிச் செல்பவை. பழைய தகர மூடி ஒன்றுக்கு மஞ்சள் மை பூசிக் காயவிட்டு, அதன்மேல் கிறீஸ் அல்லது ஆமணக்கெண்ணெயை மெல்லிதாகத் தடவி, செடியின் உச்சிக்குச் சற்று மேலாகத் தடியில் கட்டி வைக்க வேண்டும்.

மூடியில் ஒட்டிய பூச்சிகளை வாரந்தோறும் எண்ணி எழுதிய பின் துடைத்து, மீண்டும் எண்ணெய் பூசுதல் வேண்டும். தொகை ஏறிச் செல்லின் இலைகளின் அடிப்புறத்தைச் சோதித்து, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெற வேண்டும். தொகை சிறிதாக இருப்பின் நாள் கணக்குப் பார்த்து மருந்து தெளிப்பதற்குக் காரணமில்லை. தேவையின்றித் தெளிக்கும் மருந்து, பூச்சியை உண்ணும் சிலந்தியையும் பொறிவண்டையும் முதலில் கொன்றுவிடும்.

கணக்குக் கொப்பி

இந்நான்கு கருவிகளும் தாமாகப் பயன் தருவதில்லை. அவை கூறுவதை எழுதி வைத்தாலே பயன் உண்டாகும். பாடசாலைக் கொப்பி ஒன்றில் திகதி, மழை, குழாயின் நீர்மட்டம், நீர் பாய்ச்சிய நாள், மூடியில் கண்ட பூச்சித் தொகை ஆகியவற்றைக் குறித்துவரின், அடுத்த போகத்தில் அதுவே வழிகாட்டியாகும்.

ஒரு வட்டையிலுள்ள கமக்காரர் பலர் இவ்வாறு எழுதி வைத்திருப்பின், தண்ணீர் முறை பற்றி வட்டவிதானையிடமும் கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் பேசும்போது, ஒருவர் கூற்றை மற்றவர் மறுக்கும் நிலை குறையும். எவர் வயலுக்கு இன்று நீர் வேண்டும், எவர் வயல் நான்கு நாள் பொறுக்கும் என்பதைக் குழாயே கூறும். நீர் குறைந்த சிறுபோகத்தில் கடைமடைப் பயிர் கதிர் தள்ளுவதும் கருகுவதும் அந்த நான்கு நாளைப் பொறுத்ததாக இருக்கலாம்.