பழைய லேப்டாப்பை ரூட்டராக்கப் போகும் பிள்ளைகளுக்கு

மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பல வீடுகளில், பரணிலோ பீரோ மேலேயோ ஒரு அரசு லேப்டாப் கிடக்கிறது. 2011-ல் கொடுக்க ஆரம்பித்தார்கள். அக்கா படித்து முடித்து வேலைக்குப் போயிருப்பாள், தம்பிக்கு வேறு லேப்டாப் வந்திருக்கும், இது துணி சுற்றி ஓரமாகப் போயிருக்கும். அதை எடுத்துத் தூசி தட்டி வீட்டுக்கே வைஃபை கொடுக்கும் ரூட்டராக மாற்றலாமா என்று கேட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைகிறது.

கடையில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு ரூட்டர் கிடைக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லு: அந்தப் பெட்டிக்குள்ளும் இருப்பது ஒரு கம்ப்யூட்டர்தான். 2003 வாக்கில் லிங்க்சிஸ் கம்பெனியின் நீலப் பெட்டி ரூட்டருக்குள் லினக்ஸ் ஓடுவதைச் சிலர் கண்டுபிடித்து, அதன் மூலநிரலை வெளியிட வைத்தார்கள். அதிலிருந்து கிளைத்ததுதான் 2004-ல் தொடங்கிய ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள். மூடிய பெட்டியில் பார்க்க முடியாத ஒவ்வொரு வேலையையும் உன் லேப்டாப்பில் நீ கையால் செய்து பார்க்கலாம். நெட்வொர்க் தொழிலில் கால் வைக்க நினைப்பவனுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது.

1. முதலில் கரண்ட் கணக்கைப் போடு. ரூட்டர் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் ஓட வேண்டும். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 80 வாட் இழுத்தால், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். 2016-லிருந்து நமக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்தச் சலுகை முழுவதையும் இந்த ஒரு மெஷினே தின்றுவிட்டு மேலும் கேட்கும். திரையை அணைத்த லேப்டாப் 12 வாட்டில் ஓடினால் அதே இரண்டு மாதத்துக்கு 17 யூனிட்தான். ஆகவே டெஸ்க்டாப்பில் பழகலாம், ஆனால் நிரந்தரமாக வைப்பதற்கு லேப்டாப்பே சரி. பில் கட்டுவது அப்பாவோ அம்மாவோ என்றால் இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே அவர்களுக்குக் காட்டிவிடு.

2. கரண்டின் அளவைப் போலவே அதன் தரத்தையும் பார். இதற்கு நம் பக்கத்திலேயே பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. 2005 வாக்கில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூயர் என்ற பேராசிரியரின் குழு, தேனி அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து, போடி போன்ற ஊர்களில் இருந்த கண் பரிசோதனை மையங்களை வைஃபை வழியாகத் தேனியோடு இணைத்தது. நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்திருப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் அவரைப் பார்த்துப் பேசுவார். கோபுரத்தில் அவர்கள் ஏற்றியது, லினக்ஸ் ஓடும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போர்டும் சாதாரண வைஃபை கார்டும்தான். நீ வீட்டில் செய்யப்போகும் அதே வேலையை அவர்கள் வயல்வெளிக்கு மேலே செய்தார்கள்.

வைஃபை, வீட்டுக்குள் பேசுவதற்காக அமைந்த முறை. ஒரு பொட்டலம் அனுப்பினால் ‘கிடைத்தது’ என்ற பதில் நொடியின் மிகச் சிறிய பங்குக்குள் வர வேண்டும். வராவிட்டால் தொலைந்துவிட்டதாக நினைத்துத் திரும்ப அனுப்பும். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரிலிருந்து பதில் தாமதமாக வரும். இணைப்பு இருந்தும் வேகம் படுத்துவிடும். அதனால் அந்தக் குழு, இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி மென்பொருளையே மாற்றி எழுதி, 2007-ல் அதை வெளியிட்டது. அவ்வளவு கடினமான சிக்கலைத் தீர்த்தவர்களை மல்லுக்கட்ட வைத்தது கரண்ட். அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில், பழுதுகளில் பெரும்பங்கு மோசமான மின்சாரத்தால் வந்தது என்று அவர்களே பதிவு செய்தார்கள். வோல்டேஜ் எகிறி அடாப்டர்கள் போயின. பேட்டரி இறங்கி வோல்டேஜ் குறைந்தால் போர்டு ஓடவும் செய்யாமல் அணையவும் செய்யாமல் உறைந்து நின்றது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் மெமரி கார்டு கெட்டது. வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாகத் துண்டிக்கும் சர்க்யூட்டைச் சேர்த்தார்கள். கார்டைப் படிக்க மட்டும் அனுமதித்து, எழுத விடாமல் வைத்தார்கள்.

உனக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. லேப்டாப் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் கூட அது உனக்கு ஒரு யூபிஎஸ். கரண்ட் போய் இன்வெர்ட்டர் பிடிக்கும் இடைவெளியில் மெஷின் அணையாது. ஃபைபர் கம்பெனிக்காரர் மாட்டிய பெட்டியையும் இன்வெர்ட்டர் லைனில் போடு, இல்லாவிட்டால் உன் ரூட்டர் விழித்திருந்தும் பயனில்லை. பேட்டரி உப்பியிருந்தால், கீபோர்டு மேலே தூக்கி நின்றால், ஒரு நாள் கூட யோசிக்காதே: கழற்றிவிட்டுப் பழைய மின்னணுப் பொருள் எடுப்பவரிடம் கொடு. ராத்திரி பகலாகச் சார்ஜில் கிடக்கும் மெஷினில் உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக் கூடியது. கோடை மழையும் ஐப்பசி மழையும் நமக்கு இடியோடுதான் வரும். வானம் உறுமினால் பவர் பிளக்கையும் மாடியிலிருந்து வரும் செம்பு வயரையும் பிடுங்கிவிடு. ஃபைபர் கண்ணாடி இழை; அதன் வழியே மின்னல் இறங்காது. ஆனால் லேன் கேபிள் செம்பு.

3. வைஃபை கார்டு ரூட்டராக நிற்குமா என்று முன்னாலேயே பார். எல்லாக் கார்டும் பிறர் கொடுக்கும் சிக்னலைப் பிடிக்கும். தானே சிக்னல் கொடுக்க எல்லாவற்றாலும் முடியாது. லினக்ஸில் கார்டின் திறன்களைப் பட்டியலிடும் கட்டளை ஒன்று உண்டு. அதில் ‘ஏபி’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடு. ஏத்தரோஸ் சிப் உள்ள கார்டுகள் இந்த வேலைக்குப் பேர் போனவை. இன்டெல் கார்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் கொடுக்கும், 5-ல் மறுக்கும். ஒத்துவராத கார்டோடு ராத்திரி முழுக்கப் போராடாதே. யூஎஸ்பியில் செருகும் கார்டு ஒன்று வாங்கிக்கொள். வாங்கும் முன் லினக்ஸில் ஏபியாக ஓடுமா என்று சிப்பின் பெயரை வைத்து விசாரி.

4. உள்ளே வருவது வயரில், வெளியே போவது காற்றில். ஒரே வைஃபை கார்டால் இணைப்பை வாங்கி, அதே கார்டால் திரும்பக் கொடுத்தால் வேகம் பாதியாகும்.

5. விண்டோஸில் ஆரம்பி, லினக்ஸில் குடியேறு. விண்டோஸ் 10-லிருந்து செட்டிங்ஸில் மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற பொத்தான் இருக்கிறது. கார்டு வேலை செய்கிறதா என்று சோதிக்க அது போதும். எட்டுக் கருவிகள் வரைதான் ஏற்கும், யாரும் சேராமல் இருந்தால் தானே அணைந்துகொள்ளும். வீட்டுக்கு நிரந்தரமாக வைக்க லினக்ஸ்தான் வேண்டும். முதலில் வந்த அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு, சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதைத் திறந்தே பார்க்காமல் படித்து முடித்த பிள்ளைகள் ஏராளம். இப்போது டெபியனோ மிண்டோ புதிதாகப் போட்டுக்கொள்.

உள்ளே நடக்கும் வேலைகளைப் பெயர் சொல்லி அறிந்துகொள். ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரல் வைஃபை பெயரை அறிவித்து, பாஸ்வேர்டைச் சரிபார்த்து உள்ளே விடும். டிஎன்எஸ்மாஸ்க், வந்த ஒவ்வொரு போனுக்கும் ஒரு முகவரி கொடுக்கும். மூன்றாவது வேலை முகவரி மாற்றம், அதாவது நாட். மதுரைக் காம்பவுண்டு வீட்டை நினைத்துக்கொள்: தெருவுக்குத் தெரிவது ஒரே கதவு எண், உள்ளே எட்டுக் குடித்தனம், வரும் தபாலை வாசலில் வாங்கி யாருக்கு எது என்று பிரித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அந்த ஆள்தான் நாட். நெட்வொர்க் மேனேஜரில் ஹாட்ஸ்பாட் என்று அழுத்தினால் இவை எல்லாம் தானாக நடந்துவிடும். ஆனாலும் ஒரு முறையாவது ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கோப்பில் நீயே எழுதி ஓட வை. எது நின்றால் என்ன அறிகுறி தெரியும் என்பது அப்போதுதான் பிடிபடும். போன் சேரவே இல்லை என்றால் முதலாவது. சேர்ந்தும் முகவரி கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது. முகவரி கிடைத்தும் பக்கம் திறக்கவில்லை என்றால் மூன்றாவது.

6. முகவரி மோதலைத் தவிர். ஃபைபர் பெட்டி பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கும். உன் லேப்டாப்பும் உள்ளே அதையே கொடுத்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் அது திணறும். உன் வீட்டு வரிசையை 10.42.0 என்றோ 192.168.50 என்றோ வேறாக வை. புதிதாகச் செய்கிறவர்கள் அதிக நேரம் தொலைப்பது இந்த இடத்தில்தான். அடையாளம் தெரிந்துவிட்டால் ஒரு நிமிட வேலை.

7. வீட்டின் சுவரைப் படி. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள பழைய சுண்ணாம்புக் கட்டடங்களின் சுவர் முக்கால் முழம் இருக்கும். புதுநகர் வீடுகளில் கம்பி கட்டிய கான்கிரீட். இரண்டும் சிக்னலைத் தின்னும். இரும்பு பீரோவுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மெஷினை வைக்காதே. நடுக்கூடத்தில், ஆள் உயரத்தில் வை. 2.4-ல் ஒன்றை ஒன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று போனில் பார்த்து, கூட்டம் குறைந்ததைப் பிடி. நாடு என்று கேட்கும் இடத்தில் இந்தியா என்றே போடு. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் இருக்கும் வெப்பத்தில் லேப்டாப் ஃபேன் தூசியடைத்திருந்தால் மெஷின் தானே அணைந்துவிடும். மாசியிலேயே திறந்து துடைத்துவிடு.

8. பாஸ்வேர்டில் கண்டிப்பாக இரு. 2008 ஜூலையில் அகமதாபாத்தில் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்னால் மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று போனது. போலீஸ் தேடிப்போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அவரை நாள்கணக்கில் விசாரித்தார்கள். உன் இணைப்பிலிருந்து போகிற எதற்கும் முதலில் பதில் சொல்ல வேண்டியது உன் வீட்டார். டபிள்யூபிஏ 2 அல்லது 3 மட்டும் வை. 2001-லேயே உடைந்துபோன டபிள்யூஈபியைத் தொடாதே. தெருப்பெயரும் பிறந்த வருஷமும் சேர்ந்த பாஸ்வேர்டு வேண்டாம். ஃபைபர் பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றினால் உன் லேப்டாப் நேராக வெளி உலகத்தைப் பார்த்து நிற்கும். அப்போது வெளியிலிருந்து வருவதை எல்லாம் தடுத்து, உள்ளிருந்து கேட்டதற்கான பதிலை மட்டும் விடும்படி ஃபயர்வால் எழுது. வாரா வாரம் அப்டேட் செய். அதைச் செய்ய நேரமில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகாதே.

9. மூடினாலும் தூங்கக் கூடாது. லேப்டாப் மூடியைச் சாத்தினால் உறங்கும் பழக்கத்தை அமைப்பில் நிறுத்து. எல்லா நிரலும் மெஷின் எழும்போது தானாக எழ வேண்டும். எழுகின்றனவா என்று பார்க்க, மெஷினை நீயே அணைத்துப் போட்டுச் சோதி. டெஸ்க்டாப் என்றால் கரண்ட் வந்ததும் தானே எழும்படி பயாஸில் ஓர் அமைப்பு இருக்கும்.

10. அடுத்த வீட்டுக்கு நீட்ட ஆசை வரும். மேலூர்ப் பக்கம் 2001-லேயே ஐஐடி மெட்ராஸின் கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறையில் கிராமங்களுக்கு இணையம் போனது. நொடிக்கு 35, 70 கிலோபிட். நம் சமவெளி இந்த வேலைக்கு வாகான நிலம், ஆசை நியாயமானதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005-ல் அரசு வழி திறந்தது. ஆனால் சக்திக்கு வரம்பு உண்டு, ஆன்டெனாவின் உயரத்துக்கும் உண்டு. பூஸ்டர் என்று விற்பதை மாட்டாதே. இணைப்பைப் பிறருக்குக் காசுக்கு விற்பதும் வேண்டாம், அதற்குத் தனி விதிகள் உண்டு. தோட்டத்து வீட்டுக்கோ மாட்டுக் கொட்டகை கேமராவுக்கோ, உன் சொந்த இடத்துக்குள்ளேயே ஒரு திசை ஆன்டெனா வைத்துப் பார். முதல் முறை சிக்னல் பிடிக்கும்போது வரும் சந்தோஷத்தை உனக்கு நான் இங்கே எழுதிக் காட்ட முடியாது.

11. ஒரு தாளில் தமிழில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டு. எந்த வயர் எதில், எந்த விளக்கு எரிய வேண்டும், எதை முதலில் அணைத்து எதை முதலில் போடுவது. வீட்டில் இன்னொருவரையாவது, தங்கையோ தாத்தாவோ, அதைப் பார்த்து ஒரு முறை செய்ய வை. நீ காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும்போது இங்கே அம்மாவுக்குப் பாங்க் ஆப் திறக்க வேண்டும், தம்பிக்குப் பாடம் ஓட வேண்டும். பாஸ்வேர்டை அந்தத் தாளில் எழுதாதே. அது பீரோவுக்குள் இருக்கட்டும். பழைய ரூட்டரையும் அதன் அடாப்டரையும் தூக்கிப் போடாதே. அதிலும் அதே வைஃபை பெயரும் அதே பாஸ்வேர்டும் போட்டு வைத்துவிட்டால், லேப்டாப் படுத்த அன்றைக்கு வயரை மாற்றிச் செருகினாலே வீட்டில் இருக்கும் போன்கள் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும்.