சங்கத்துப் படியேறிய பின்

எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு நாடகம் வைக்கும் பொறுப்பை முதன்முதலாக ஏற்ற வருஷத்தில், கையில் பணமும் களத்தில் ஒரு மேடையும் இருந்துவிட்டால் நாடகம் தானாக நடந்துவிடும் என்ற அஞ்ஞானத்தில் நான் இருந்தேன். யாரோ ஒரு தரகர், கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட்டின் புகைப்படத்தைக் காட்டி, ரசீது ஏதுமின்றி அச்சாரம் வாங்கிக்கொண்டு போனார். குறித்த இரவில் அந்த ராஜபார்ட் வேறோர் ஊர் மேடையில் வேலனாக நின்று வள்ளியோடு தர்க்கம் செய்துகொண்டிருந்த செய்தி, பதினோரு மணிக்கு எங்களை வந்து எட்டியது. ஊராரிடம் நான் பட்ட அவமானத்தை விஸ்தரிப்பதில் யாருக்கும் பிரயோஜனமில்லை.

மறுவருஷம் மதுரைக்குப் பஸ் ஏறி, 1923-இல் தோன்றிய நாடக நடிகர் சங்கத்தின் படியேறினேன். அங்கே கற்றதைத்தான், புதிதாக நாடகம் வைக்க முன்வருகிறவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்திய காலத்திலும், அதன்பின் 1925-இல் தொடங்கி 1950 வரை டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் சபையை ஊரூராகக் கொண்டுசென்ற காலத்திலும், சோறு போடுவதும் பாடம் சொல்லிக்கொடுப்பதும் வம்பு வழக்கைத் தீர்ப்பதும் கம்பெனியின் பொறுப்பாக இருந்தன. நாங்கள் திருவிழாவுக்கு வைக்கும் ஸ்பெஷல் நாடகத்திலோ முதலாளியே கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து வருவார். பபூன் காரைக்குடிக்காரராக இருப்பார். ஒருவரை ஒருவர் அதற்குமுன் கண்டிராதவர்களும்கூட, ஒன்பது மணிக்கு ஒப்பனைக் கொட்டகையில் சந்தித்து, ஒத்திகை என்ற பேச்சே இல்லாமல், பத்து மணி முதல் விடியும்வரை ‘வள்ளி திருமண’த்தை நடத்தி முடிப்பார்கள். சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக இருப்பது இந்த அதிசயத்துக்கு ஒரு காரணம். கொடுத்த தேதிக்கு வந்தாக வேண்டும் என்ற நியமத்தைச் சங்கம் காப்பது மற்றொரு காரணம். எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. சங்கம் புதியவனுக்குப் பணம் தருவதில்லை. முன்பின் அறியாத மனிதர்களின் வாக்கை நம்பத்தக்கதாக்கித் தருகிறது.

சங்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நான் விரித்த பட்டியலைப் பார்த்துவிட்டு, “தம்பி, ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் இருக்கட்டும்; பின்பாட்டு யாரு?” என்றார். ஆர்மோனியக்காரரை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஒத்திகையில்லாத நாடகத்தில் சுருதி பிடித்துக் கொடுத்து, பாட்டு தவறினால் தாங்கி, பேச்சு நீண்டால் அடுத்த பாட்டுக்கு இழுத்துவருகிறவர் அவரல்லவா? அன்றுமுதல் பின்பாட்டை முடிவு செய்த பிறகே மற்றவர்களுக்குத் தேதி கேட்கிறேன். பங்குனி முதல் ஆடிவரை நல்ல நடிகர்களுக்கு ஓய்வே இராதாகையால், தை மாதத்திலேயே சங்கத்துக்குப் போய்விடுவது உத்தமம். நோட்டீஸை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் நேரில் சம்மதம் வாங்குங்கள். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி வாங்குவதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். மீதித் தொகைக்காக நடிகர்களை விடிந்தபின் காக்கவைக்காதீர்கள். கூலி பேசுகையில் பேரம் பண்ணுகிற ஊர், சாப்பாட்டிலாவது தாராளமாக இருப்பது நல்லது.

மூன்றாம் வருஷம் ஒரு சோதனை வந்தது. நாடகத்தன்று மாலை ஐந்து மணிக்கு, ராஜபார்ட் கடுஞ்சுரத்தில் படுத்துவிட்டதாகத் தகவல். பழைய அவமானம் கண்முன் வந்து நிற்க, சங்கத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஒன்பதரை மணிக்கு ஒரு வாடகைக் காரில், எங்கள் நோட்டீஸில் பெயரே இல்லாத ஒருவர் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். வள்ளியாக வரப்போகிறவர் யார் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு தருவீர்கள் என்றும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டே, “பின்பாட்டு யாரு?” என்றார். பெயரைச் சொன்னேன். தலையை அசைத்துவிட்டு அரிதாரம் பூச உட்கார்ந்தார்.