தெருவை விட்டு நீங்கிய ட்ராம் வண்டிகள்

ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரங்களில் ஒரு காலத்தில் மின்சார ட்ராம் வண்டிகளே மக்களின் பிரதான வாகனமாய் விளங்கின. அவை எங்ஙனம் மறைந்தன என வினவுவார்க்கு ஒரு கதை ஆயத்தமாயுள்ளது. மோட்டார் வண்டி செய்வோரும் எண்ணெய் விற்போரும் கூடிச் சதிசெய்து, ட்ராம் கொம்பனிகளை வாங்கி ஒழித்து, டீசல் பஸ்களை ஓடவிட்டனர் என்பதே அக்கதை. கேட்டற்கு இனியது, கொடியவனும் அதிலே உளன். அதன் உண்மை எத்துணையது என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

நாஷனல் சிற்றி லைன்ஸ் என்னும் கொம்பனி 1936இல் உருவாகியது. ஜெனரல் மோட்டோர்ஸ், பயர்ஸ்டோன், பிலிப்ஸ் பெற்றோலியம் முதலிய கொம்பனிகள் பின்னர் அதற்கு முதல் உதவின. 16 மாநிலங்களின் 45 நகரங்களில் 46 போக்குவரத்துச் சேவைகள் அதன் வசமாயின. பெற்ற பணத்துக்குக் கைம்மாறாக, பஸ்ஸும் டயரும் எண்ணெயும் அவர்களிடமே வாங்க அது உடன்பட்டது. இதுபற்றிய வழக்கிலே சிக்காகோ சமஷ்டி நீதிமன்றம் 1949இல் தீர்ப்பளித்தது.

அத்தீர்ப்பை நம் மாணவர் ஊன்றி நோக்கல் வேண்டும். போக்குவரத்துச் சேவைகளையே தம் ஏகபோகமாக்கச் சதிசெய்தனர் என்னும் குற்றச்சாட்டினின்று எதிரிகள் விடுதலை பெற்றனர். அச்சேவைகளுக்குப் பஸ் முதலியன விற்பதை ஏகபோகமாக்கச் சதிசெய்தனர் என்பதிலேயே குற்றவாளிகளாயினர். ட்ராமை ஒழித்தமைக்காக எவரும் தண்டிக்கப்பட்டிலர். கொம்பனிகளுக்குத் தலா 5,000 டொலர் தண்டம். தனியாட்களுக்குத் தலா 1 டொலர். அதனைக் கட்ட எவரும் கடன்பட்டிரார் என நம்பலாம்.

உண்மையில், ட்ராம் சேவைகள் அதற்கு முன்னரே நோயுற்றிருந்தன. பல நகரங்களிற் கட்டணம் 5 சதமென உடன்படிக்கையாற் கட்டுண்டிருந்தது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் விலையும் கூலியும் ஏறியபோதும் கட்டணத்தை வேண்டியவாறு உயர்த்த இயலவில்லை. அன்றியும், தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள தெருவைச் செப்பனிடுதலும் கொம்பனியின் கடனாயிருந்தது. அவ்வாறு கொம்பனி தன் செலவிற் செப்பனிட்ட தளத்திலேயே மோட்டார்க் கார்கள் ஏறி வந்து ட்ராமை வழிமறித்தன! பாதையை விட்டு விலகவியலாத வண்டி என் செய்யும்? பஸ்ஸோ விலகிச் செல்லும். தண்டவாளமும் மின்கம்பியும் அதற்கு வேண்டா.

இதனாற் கொம்பனிகள் குற்றமற்றவை என யாம் வாதிக்க வரவில்லை. நோயுற்றவன் வீட்டிற் பாடை விற்கச் சென்றவனை நல்லவன் என எவர் கூறுவார்?

லொஸ் ஏஞ்சல்ஸ் நகர வரலாறு இன்னும் சிக்கலானது. அந்நகரின் மஞ்சள் ட்ராம்கள் 1945ஆம் ஆண்டளவில் நாஷனல் சிற்றி லைன்ஸ் குழுவின் கைக்கு வந்தன; பல தடங்கள் பஸ்ஸுக்கு மாறின. எனினும் எஞ்சியவற்றை 1963 மார்ச் 31ஆந் திகதி நிறுத்தியது, 1958இல் அச்சேவையை வாங்கிய பொது அதிகாரசபையே. புறநகர்களுக்கு ஓடிய செந்நிற வண்டிகள் அக்குழுவுக்கு ஒருபோதும் உரியனவாயிருக்கவில்லை, அவையும் மறைந்தன. அவற்றுட் கடைசியான லோங் பீச் தடம் 1961 ஏப்ரலில் மூடப்பட்டது.

ஆயினும், சரக்குப் புகையிரதங்கள் பயன்படுத்தி வந்தமையால் அத்தடத்தின் நிலம் பெரும்பாலும் தப்பியிருந்தது. 29 ஆண்டுகளின் பின், 1990 ஜூலையில், அந்நிலத்தின் வழியே லோங் பீச்சுக்கு மின்சார இரயில் மீண்டும் ஓடியது. தெரு நடுவே ஓடிய மஞ்சள் வண்டிகளின் தடங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை.